ரேகை விழாத பதினொரு பேர்

சின்னம்மாளின் வலது பெருவிரலை அந்த இயந்திரம் ஏழு முறை மறுத்தது. எட்டாவது முறை வைக்கப் போனபோது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி இயந்திரத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"போதும்மா. பின்னால நிக்கிறவங்களுக்கு வழி விடு."

சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வராந்தா. டிசம்பர் மாதம். தொலைநிலைக் கல்வியில் படிக்கிறவர்களுக்குத் தேர்வு மையம் அதுதான். பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் எங்கோ வெளியூரில் இருந்தது. அது இங்கே அனுப்பியது வினாத்தாளையும், புதிதாக அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டியையும்தான். ஆள்மாறாட்டம் நடக்கக் கூடாதாம். ரேகை விழுந்தால் உள்ளே, விழாவிட்டால் வெளியே.

சின்னம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. திருப்பாதிரிப்புலியூரிலிருந்து மேற்கே போகிற ரோட்டில் ஒரு முந்திரிக் கொட்டகையில் இருபது வருஷமாகக் கொட்டை உடைக்கிறவள். கொட்டை ஓட்டில் கசியும் கறுப்பு எண்ணெய் தோலைத் தின்னும். சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் தின்னும். அவள் விரல் நுனிகள் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். அதில் ரேகையைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

கிடைக்காமல் போகலாம் என்று அவளுக்கும் பயம் இருந்தது. அதனால் முந்தின நாளே கொட்டகைப் பெண்கள் எல்லாரையும் விரலில் ஆமணக்கெண்ணெய் தடவச் சொல்லியிருந்தாள். தோல் இளகினால் ரேகை எழும்பும் என்பது அவள் கணக்கு. நடந்தது நேர்மாறு. பதினொரு பேரும் வைத்து வைத்து அந்தக் கண்ணாடியே மங்கிப்போனது. அதிகாரி துணியால் துடைத்துத் துடைத்து அலுத்துப்போய், "பஜ்ஜி போட்டுட்டு நேரா வந்துட்டீங்களா?" என்றார்.

பதினொரு பேரும் வெளியே வந்தார்கள். அவர்களைப் படிப்பில் சேர்த்துவிட்டதே சின்னம்மாள்தான். எட்டாவதோடு நின்றவள், பத்தும் பன்னிரண்டும் தனித்தேர்வராக எழுதி, பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தாள். பாடங்கள் போனுக்கு ஒலிப்பதிவாக வர ஆரம்பித்ததும் போனைக் கொட்டகைத் தூணில் கட்டித் தொங்கவிட்டாள். கையில் கொட்டை உடையும், காதில் சோழர் கால நிலவரி ஓடும். பாட்டுக் கேட்டு உடைக்கிறவர்கள் பாடம் கேட்டு உடைத்தார்கள். ஒவ்வொருத்தியாகச் சேர்ந்து பத்துப் பேர் ஆனார்கள்.

மற்றவர்களுக்காவது வருஷம் பாக்கி இருந்தது. சின்னம்மாளுக்கு இல்லை. ஒரு தடவை பதிவு செய்தால் ஆறு வருஷத்துக்குள் முடிக்க வேண்டும். அவளுக்கு அது ஆறாவது வருஷம். மிச்சம் இரண்டு தாள். வருகிற ஜூனில் எழுதாவிட்டால் பதிவே செத்துப்போகும், எழுதின தாள்கள் அத்தனையும் அதோடு போகும்.

அவள் கணவன் பொன்னுரங்கம் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உன் வெரல நம்பாத பரீட்சைய நீ இன்னாத்துக்கு நம்புற? வுட்டுத் தள்ளு" என்றான்.

"ஆறு வருஷம்யா."

"அதான் சொல்றேன். ஏழாவது வருஷம் வேணாம்."

அவள் மறுநாள் காலையில் தூணில் போனைக் கட்டினாள்.

மார்ச் மாதம் அனுப்பிரியா என்று ஒரு பெண் கொட்டகைக்கு வந்தாள். தொலைநிலைக் கல்வியைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். பணம் கட்டிச் சேர்கிறவர்கள் தேர்வுக்கு ஏன் வருவதில்லை என்பதுதான் அவள் ஆராய்ச்சி. பல்கலைக்கழகம் கொடுத்த பட்டியலில் முந்திரி ஊர்களில் மட்டும் 'வரவில்லை' என்பது மற்ற இடங்களைப் போல மூன்று மடங்கு இருந்ததாம். படிப்பில் அக்கறை போதவில்லை என்று அங்கே ஏற்கெனவே பேச்சு. இந்த மையத்தையே எடுத்துவிடலாம் என்றும் ஒரு யோசனை.

பெண்கள் வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அனுப்பிரியா கையிலிருந்த பலகைக் கணினியைப் பார்த்துக் கேட்டாள். "தேர்வுக்கு ஏன் போகலை அக்கா? ஒண்ணு, ஆர்வம் இல்லை. ரெண்டு, குடும்பச் சூழல். மூணு, பாடம் கஷ்டம். நாலு, தூரம்."

"போனோம்னு ஒரு நம்பரு இருக்கா யம்மா அதுல?" என்றாள் சின்னம்மாள்.

"போகலைன்னுதானே அக்கா இங்க போட்டிருக்கு."

"போட்டுருப்பாங்க. வந்தவளுக்குக் கதவச் சாத்திட்டு வர்லன்னு எழுதுனா, அது அப்பிடித்தான் இருக்கும்."

அனுப்பிரியா அந்தப் பலகையைக் கீழே வைத்தாள். நடந்ததை எல்லாரும் சொன்னார்கள். ஆமணக்கெண்ணெய் வரைக்கும். கேட்டு முடித்துவிட்டு அவள் சொன்னாள்: "நான் நம்புறேன். ஆனா நீங்க வந்தீங்கன்னு எழுத்துல எதாவது வேணுமே."

"ஏசப்பா பாத்துக்கினுதான் இருந்தாரு. கூப்பிட்டா வருவாரு" என்றாள் பிரிசில்லா. கொட்டை உடைக்கும்போது சின்னம்மாளுக்குப் பக்கத்து மிஷினில் உட்காருகிறவள். வாய் நீளம், கை அதைவிட வேகம்.

எல்லாரும் சிரித்தார்கள். சின்னம்மாள் சிரிக்கவில்லை. கொட்டை உடைக்கிற மிஷினை நிறுத்திவிட்டு எழுந்தாள்.

"கேட்டு நோட்டு" என்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்து வாசல் கேட்டில் வாட்ச்மேன் ஒருவர் நீள நோட்டு வைத்திருப்பார். உள்ளே போகிறவர் பெயர், ஊர், நேரம், கையெழுத்து. வெளியே வரும்போதும் நேரம் போட்டுக் கையெழுத்து. கொட்டகைப் பெண்களுக்குக் கையெழுத்து என்றால் சும்மா கிறுக்கல் இல்லை. முழுப் பெயரையும் நிறுத்தி எழுதுவார்கள். பின்னால் நிற்கிறவன் முணுமுணுத்தாலும் நிறுத்தித்தான் எழுதுவார்கள்.

மறுநாள் சின்னம்மாளும் அனுப்பிரியாவும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். வாட்ச்மேன் பெயர் கண்ணாயிரம். நோட்டைக் கேட்டதும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வெளிய தர முடியாது. ரூல்ஸ்."

"தர வேணாம்ணே. நீயே தொறந்து காட்டு."

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒம்போது வருஷமா எழுதுறேன். இதுல இன்னா இருக்குன்னு பாக்க வந்த மொத ஆளு நீங்கதான். ஒக்காருங்க" என்று தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார்.

இருந்தது. பதினொரு பெயர், உள்ளே ஒன்பது பத்து, வெளியே ஒன்பது ஐம்பது. அத்தோடு நிற்கவில்லை. அந்தத் தேர்வு நாட்களில் அப்படி அரை மணி, முக்கால் மணியில் திரும்பிப் போனவர்கள் இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். செங்கல் சூளைக்காரர்கள் நாலு பேர், துறைமுகத்தில் மீன் ஆய்கிறவர்கள் இரண்டு பேர். பல்கலைக்கழகப் பட்டியலில் பதினேழு பேருக்கும் நேராக ஒரே வார்த்தை: வரவில்லை.

கண்ணாயிரம் படம் எடுக்க விட்டார். தலைமையாசிரியரிடம் தானே போய் அனுமதியும் வாங்கி வந்தார். "என் நோட்டு பொய் சொல்லாது" என்று மூன்று முறை சொன்னார்.

அதற்கப்புறம் அனுப்பிரியா சும்மா இருக்கவில்லை. அதே மாதிரி ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து கொட்டகை கொட்டகையாக ஏறினாள். அறுபத்திரண்டு பேர் விரல் வைத்தார்கள். பத்தொன்பது பேருக்குத்தான் விழுந்தது. அதிலும் பாதிப் பேர் வேலையை விட்டு ஒரு மாதம் ஆனவர்கள். கூடவே போய் ஊர் ஊராகப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்தது சின்னம்மாள்தான். இந்தத் தடவை எண்ணெய் தடவ யாரையும் விடவில்லை.

ஏப்ரலில் பல்கலைக்கழகத்து ஆட்களோடு போனில் முகம் பார்த்துப் பேசுகிற கூட்டம் ஒன்று நடந்தது. அனுப்பிரியா கணக்கைச் சொன்னாள். ஒருவர், பாதுகாப்பு முக்கியம், தளர்த்த முடியாது என்றார். கொட்டகையிலிருந்து சின்னம்மாள் பேசினாள்.

"ரேஷன் கடையில ரேகை விழலன்னா கண்ணக் காட்டச் சொல்றாங்க சார். அரிசிக்கு இருக்கிற வழி பரீட்சைக்கு இல்லியா?"

திரையின் நடுவில் இருந்த அம்மாள், "அவுங்க சொன்னத அப்படியே எழுதுங்க" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேட்டது.

மே மாதக் கடைசியில் ஆணை வந்தது. ரேகை விழாதவர்களுக்கு அனுமதிச் சீட்டுப் படமும் அடையாள அட்டையும் கையெழுத்தும் போதும். ரேகை விழாமல் திரும்பியவர்களை 'வரவில்லை' என்று இனிமேல் எழுதக் கூடாது.

ஜூன் மாதம். அதே வராந்தா, அதே அதிகாரி. பெட்டி முதலில் மறுத்தது. சின்னம்மாள் ஆணையின் நகலை நீட்டினாள். அவர் மேலாகப் பார்த்தார்.

"எனக்கு இப்படி ஒண்ணும் வரலை. இது வெறும் ஜெராக்ஸ்."

"நம்பரு இருக்கு, தேதி இருக்கு, கீழ போன் நம்பரும் இருக்கு. போட்டுக் கேளுங்க சார். நாங்க நிக்கிறோம்."

பதினொரு பேரும் மேசைக்கு முன்னால் நின்றார்கள். சத்தம் இல்லை, நகரவும் இல்லை. மணி ஒன்பது நாற்பத்தெட்டு. பத்துக்கு வினாத்தாள் கொடுத்துவிடுவார்கள். அதிகாரி போன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

"சரிங்க மேடம்... ஆமாங்க, பதினொரு பேரு... சரிங்க." அவர் போனை வைத்துவிட்டுக் கையெழுத்துத் தாளை அவள் பக்கம் திருப்பினார். "போடும்மா."

"மொதல்ல அவங்க போடட்டும்" என்று சின்னம்மாள் ஒதுங்கினாள். பிரிசில்லா நிறுத்தி நிதானமாக எழுத ஆரம்பிக்க, "இன்னிக்கு மட்டும் கொஞ்சம் கிறுக்கித் தொலைடி" என்று முதுகில் தட்டினாள். அதிகாரியே சிரித்துவிட்டார்.

கடைசி ஆளாகச் சின்னம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டு நிமிஷம் பாக்கி. தாளைப் புரட்டினாள். தூணில் தொங்கிய போன் நூறு தடவை சொன்னதெல்லாம் வரிசையாக நின்றது. மூன்று மணி நேரமும் எழுதினாள். கூடுதல் தாள் நாலு வாங்கினாள். இரண்டு நாள் கழித்து வந்து அடுத்த தாளையும் எழுதினாள்.

ஆகஸ்டில் முடிவு வந்தது. கொட்டகையில் எல்லார் கையும் எண்ணெயாக இருந்ததால், சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்த பொன்னுரங்கத்தைப் பார்க்கச் சொன்னாள். அவன் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தான்.

"சின்னம்மாள். பி.ஏ., வரலாறு. தேர்ச்சி." மிஷின்கள் நின்றுவிட்டன. அவன் ரோட்டுக்குக் கேட்கிற மாதிரி இன்னொரு தடவை படித்தான். "பி.ஏ.யாம். நம்ம வூட்ல."

"மீனு ஏலம் வுடுற மாதிரி கத்தாத. மத்தவங்க நம்பரையும் பாரு."

அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவரவர் எழுதிய தாள்களில் ஒன்பது பேர் தேறியிருந்தார்கள். பிரிசில்லாவுக்கு மட்டும் ஒரு தாள் நின்றுவிட்டது. அவள் முகம் சுருங்கியது.

"அதுக்கு இன்னாடி?" என்றாள் சின்னம்மாள். "அடுத்த தடவ எழுதுவ. அதான் உள்ள வுடுறாங்க இல்ல."