உள்ளே போகிறவருக்கு என்ன கேட்டீர்கள்? நீலசந்திரா முதல் ஹெப்பகோடி வரை ஒரு நிதிப் பயணம்

இந்தத் தடவை அருவி கிடையாது, மலை கிடையாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். போன மாதம் ஒரு வியாழக்கிழமை பெங்களூருக்கு உள்ளேயே ஒரு பயணம் போனோம். தீயணைக்கும் தன்னார்வலர்களுக்கு நிதி கேட்டு, நீலசந்திராவில் கிளம்பி அல்சூர் வழியாக ஹெப்பகோடி வரை. உங்கள் ஏரியாவிலும் இப்படி ஒரு குழு இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். எங்களைப் போல மூக்குடைபட வேண்டாம்.

ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழையாது. அது மெயின் ரோட்டில் நின்று, குழாயை இழுத்துக்கொண்டு வருவதற்குள் குமாரண்ணாவும் அவருடைய ஆட்கள் மூன்று பேரும் உள்ளே இறங்கியிருப்பார்கள். குமாரண்ணா ஆட்டோ ஓட்டுகிறவர். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் பயிற்சி எடுத்தவர். போன வருடம் மெத்தை குடோன் ஒன்று எரிந்தபோது முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு போய் இரண்டு பேரைத் தூக்கி வந்தார். அதன் பிறகு வாரக்கணக்கில் இருமல். இன்னொரு முறை இவ்வளவு புகை போனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மனைவி மல்லிகாக்கா, "மூஞ்சிக்கு ஒண்ணும் இல்லாம இனிமே வாசப்படி தாண்டிப் பாரு" என்று எச்சரித்து வைத்திருக்கிறார். ஆனால் போன் வந்தால் மனுஷன் நிற்பாரா?

நிதி தேடும் வேலை என் தலையில் விழுந்தது. கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிதான் நமக்கு வழி. நான் எழுதிய மெயில்களில் பாதிக்குப் பதிலே இல்லை. பதில் போட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: பதிவு பெற்ற அமைப்பா? எங்கள் குழு அப்படி இல்லை. அதனால் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் பெயரில் விண்ணப்பிப்பதாக ஏற்பாடு. கடைசியில் ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலை, நேரில் வாருங்கள் என்று கூப்பிட்டது. அந்த வியாழக்கிழமை மாலை ஐந்து மணிதான் விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நேரம்.

காலை ஒன்பதரைக்கு குமாரண்ணாவின் ஆட்டோவிலேயே கிளம்பினோம். மல்லிகாக்கா லீவு போட்டுவிட்டு வந்து ஏறிக்கொண்டார். "நீ எதுக்கு?" என்றார் அண்ணா. "சும்னே, சும்மாத்தான்" என்றார் அக்கா. அல்சூர் ஐந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனாலும் டிராபிக்கில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அறக்கட்டளைச் செயலாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆட்டோவை அங்கேயே விட்டுவிட்டு மெட்ரோ பிடித்தோம். மெஜஸ்டிக்கில் ஒரு மாற்றம், ஆர்.வி. ரோட்டில் இன்னொன்று, பிறகு மஞ்சள் தடத்தில் நேராக ஹெப்பகோடி. மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

தொழிற்சாலையில் நிதிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் ஒரு கன்னடப் பெண்மணி. தமிழ் தடுக்காமல் பேசினார். நான் பெருமையாக நீட்டிய விண்ணப்பத்தைப் பொறுமையாகப் படித்தார். தண்ணீர் பம்ப், நீளக் குழாய், தெருவுக்கு இரண்டு தீயணைப்பான். எல்லாம் கச்சிதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எல்லா சரி. உள்ள போறவங்க என்ன போட்டுக்குவாங்க?" என்றார்.

"துண்டு" என்றார் மல்லிகாக்கா.

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நோடி, பாருங்க, இந்த வருஷ ஸ்கீம் தீ அணைக்கிறவங்க சேஃப்டிக்கு. நீங்க அவங்களுக்குன்னு ஒண்ணுமே கேக்கல. இத நான் எப்படி கமிட்டி முன்னாடி வைக்கிறது?"

ஐயோ! முகமூடியைச் சேர்க்கலாம் என்று நான் முதலிலேயே சொன்னேன், வேண்டாம் என்றது குமாரண்ணாதான். காரணமும் இருக்கிறது. எங்கள் தெருவில் அம்மன் கூழுக்கு வசூல் பண்ணினாலும் சரி, அம்பேத்கர் ஜெயந்திக்குப் பண்ணினாலும் சரி, வசூல் பண்ணுகிறவன் அந்தக் காசில் ஒரு டீ கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் பேர் போச்சு. அந்தக் கட்டுப்பாட்டை அவர் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்.

"ஏரியாவுக்குன்னா கேக்கலாம் மேடம். எங்களுக்குன்னு பேடா, வேணாம். டீம் பேரச் சொல்லி தனக்கு வாங்கிக்கிட்டான்னு ஜனங்க பேசுவாங்க" என்றார் குமாரண்ணா.

மல்லிகாக்கா எழுந்து நின்றுவிட்டார். "யோவ், நீ உள்ள விழுந்தா உன்னத் தூக்க இன்னொருத்தன் உள்ள வரணும். அவனுக்கும் பொண்டாட்டி இருக்கா. நீ உசுரோட வெளிய வர்றது ஏரியாவுக்கு இல்லாம வேற யாருக்கு? பேசுறவன் பேசட்டும். கேளுய்யா!"

எனக்குக் கண் கலங்கியது. குமாரண்ணா என் பக்கம் திரும்பி, "எழுதும்மா, நாலு" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினோம். பம்ப் போயிற்று. அந்த இடத்தில் நான்கு பி.ஏ. செட், அதாவது முதுகில் மாட்டும் காற்று சிலிண்டரும் முகமூடியும். கூடவே சிலிண்டரை நிரப்பும் செலவு, பயிற்சி. மாற்றியதற்கு அல்சூர் செயலாளர் மெயிலில் சம்மதம் அனுப்பினார். ஐந்து அடிப்பதற்குள் கொடுத்துவிட்டு, வாசலில் ஆளுக்கொரு டீ குடித்தோம், சொந்தக் காசில்தான்.

கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தை. பதிவு பெற்ற அறக்கட்டளையை முதலில் பிடியுங்கள். அதற்கு வருமானவரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், கம்பெனி நிதி வாங்கத் தேவையான சி.எஸ்.ஆர்-1 பதிவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் தீயணைப்பு நிலைய அதிகாரியிடம் பயிற்சி தருவதாக ஒரு கடிதம் வாங்குங்கள், அது இல்லாமல் முகமூடி கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள். சிலிண்டர் காலியானால் எங்கே நிரப்புவீர்கள் என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஊருக்குக் கேட்கிற கூச்சத்தில் உள்ளே போகிறவரை மறந்துவிடாதீர்கள். நல்லவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்கிறார்கள்.

போன வாரம் தொழிற்சாலையிலிருந்து சம்மதம் வந்துவிட்டது. செட்டுகள் வர இன்னும் நாளாகும், ஆனால் நிலையத்துச் செட்டை வைத்துப் பயிற்சி ஆரம்பித்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மல்லிகாக்காவும் பார்க்க வந்தார். குமாரண்ணா முகமூடியோடு பயிற்சிக்காகப் புகை நிரப்பிய அறையின் கதவருகே போய் நின்று திரும்பிப் பார்த்தார். அக்கா கிட்டே போய் வார் இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"போயிட்டு வா" என்றார்.