குடலில் ரத்தம் வடிந்த நாட்களில்

கக்கூஸ்ல மொதமொத ரத்தத்தப் பார்த்தப்போ மூலமா இருக்கும்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. கொஞ்ச நாள்ல வெறும் ரத்தம் மட்டுமே போச்சு.

நான் ஸ்டெல்லா. சாரத்துல குடியிருக்கேன். நேரு வீதியில ஒரு துணிக்கடையில சேலைப் பிரிவுல வேலை. எங்களுக்கான பாத்ரூம் மேல் மாடியில. சேலையப் பிரிச்சுக் காட்டும்போதே வயித்த முறுக்கும். "இப்பதானே போயிட்டு வந்தே?"ம்பாரு சூப்பர்வைசர். ஆம்பள ஆளு. அவர்கிட்ட என்னன்னு சொல்றது? போன தவக்காலத்துல ஒருநாள் படிக்கட்டுலயே ஆயிடுச்சு. கஸ்டமர் எல்லாம் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அன்னிக்குச் செத்துடலாம்னு இருந்துச்சு.

ஆஸ்பத்திரியில குழாய் விட்டுப் பார்த்தாங்க. பெருங்குடல் முழுக்கப் புண்ணு. நம்ம உடம்போட எதிர்ப்புச் சக்தியே நம்ம குடலத் தாக்குற நோயாம். முழுசா குணமாகாது, அடக்கி வெக்கலாம்னாங்க. மாத்திரை கொடுத்து, ஸ்டீராய்டு ஊசியும் போட்டுப் படுக்க வெச்சாங்க. அதுவும் கேக்கலன்னா பெருங்குடல எடுத்துட்டு, மலம் போறதுக்கு வயித்துல பை மாட்டணும்னாங்க. என் வீட்டுக்காரரு அந்தோணி வெளியில போயி அழுதுட்டு, மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்தாரு.

பக்கத்துக் கட்டில்ல குமுதா. பாகூர் பக்கம், நெல்லு போடற குடும்பம். கல்யாணம் பேசிக்கிட்டிருந்த பொண்ணு. அவளுக்கும் இதே நோவு. நான் செபமாலை சொல்றதப் பார்த்துட்டு, "அக்கா, எனக்கும் சேர்த்துக் கேளுங்க"ம்பா. கேட்டேன். எனக்கு எப்படிக் கேட்டேனோ, அப்படியே அவளுக்கும் கேட்டேன்.

அப்பதான் என் நாத்தனாரு ஒரு டப்பா பொடியோட வந்தா. மஞ்சள், நெல்லிக்காய், மாதுளந்தோல் எல்லாம் கலந்தது. "எல்லாம் ஆன்டி ஆக்ஸிடன்ட் அண்ணி. இங்கிலீஷ் மருந்த விட்டுட்டு இதச் சாப்பிட்டா புண்ணு ஆறிடும். விக்கிறவரே கேரண்டி தராரு." குமுதா வீட்டுலயும் இதே மாதிரி ஒரு பொடி வாங்கி வெச்சிருந்தாங்க.

எத நம்பறது? ஸ்டீராய்டுல மூஞ்சி ஊதிக் கெடக்கு, ரத்தமும் நிக்கல. அன்னிக்கு நான் சுகம் கேக்கல. "மாதாவே, உண்மையச் சொல்ற ஒரு ஆள அனுப்பச் சொல்லி உன் மகன்கிட்ட கேளு"ன்னு மட்டும் அழுதேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா என் கட்டில்லயே உக்காந்தாங்க. டப்பாவ நீட்டினேன். திட்டுவாங்கன்னு பயந்தேன். திட்டல.

"மஞ்சள்ல இருக்கற குர்குமின், மாதுளையில இருக்கற சத்து, இதெல்லாம் குடல் வீக்கத்தக் குறைக்குமான்னு ஆராய்ச்சி நடக்குதும்மா. மாத்திரையோட சேர்த்துக் கொடுத்ததுல சிலருக்கு நல்லா இருந்திருக்கு. உங்களுக்குக் கேக்குமான்னா, எனக்குத் தெரியாது. ஆனா மாத்திரைய நிறுத்தினா ஆபத்து. அது தெரியும்."

"அப்ப இந்தப் பொடி?"

"இதுல என்ன கலந்திருக்குன்னே தெரியல, வேணாம். புண்ணு கொஞ்சம் ஆறட்டும். அளவு பார்த்து நானே எழுதித் தரேன்."

எனக்குக் கண்ணீர் வந்துடுச்சு. வந்தவங்க எல்லாரும் கேரண்டி கொடுத்தாங்க. தெரியாதுன்னு சொன்னது இவங்க ஒருத்தங்கதான். நான் கேட்ட ஆள ஆண்டவரு அனுப்பிட்டாரு.

அந்த வாரமே ஊசி கேக்க ஆரம்பிச்சுது. ரத்தம் குறைஞ்சு, நின்னுச்சு. ஆபரேஷன் வேணாம்னுட்டாங்க. பெரிய வெள்ளிக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் மாத்திரையோட குர்குமினும் எழுதிக் கொடுத்தாங்க. ரெண்டும் போடறேன். எது எவ்ளோ வேலை செய்யுதுன்னு டாக்டரம்மாவுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. ரத்தம் வரல.

குமுதாவும் தேறித்தான் வீட்டுக்குப் போனா. மாத்திரை போடறது மாப்ள வீட்டுக்குத் தெரியக்கூடாதுன்னு அத நிறுத்திட்டு, வெறும் பொடிய மட்டும் கொடுத்திருக்காங்க. ஆவணி மாசம் மறுபடியும் ரத்தம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரும்போது குடல்ல ஓட்டை விழுந்துடுச்சு. காப்பாத்த முடியல.

பாகூருக்குப் போனேன். அவ அம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, "உனக்கு இரங்குன சாமி எம்பொண்ணுக்கு இரங்கலியேம்மா"ன்னாங்க. இன்னிக்கும் பூசையில அந்த அம்மா கேட்டதத்தான் ஆண்டவர்கிட்ட வெக்கிறேன். அவரு இன்னும் பதில் சொல்லல. நானும் கேக்கறத விடல.

இப்ப ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அந்த வார்டுக்குப் போறேன். புதுசா வந்து கூனிக்குறுகிப் படுத்திருக்கற பொம்பளைங்க பக்கத்துல உக்காந்து, எனக்கு நடந்தத வெக்கப்படாமச் சொல்றேன். கடையிலயும் சொல்லிட்டேன்.

வீடு வீடாக் கூடி செபிக்கிற நம்ம அன்பியத்துச் சகோதரிகளே, எனக்கு உசுரக் கொடுத்தவருக்கு உங்க முன்னாடி நன்றி சொல்றேன். நீங்களும் அவர்கிட்ட அழுங்க. அவரு அனுப்பற ஆள் டாக்டர் கோட்டு போட்டுக்கிட்டு வந்தாலும் நம்புங்க. உங்க வீட்டுல இந்த நோவோட ஒரு பொண்ணு இருந்தா, அவ மாத்திரைய ஒளிச்சு வெக்காதீங்க. மாப்ள வீட்டுக்காரங்க கண்ணு முன்னாடியே அவ அத முழுங்கட்டும்.