ஆறாவது எழுத்து

மெரிலேண்ட்ஸில் உள்ள ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கும் வேலை பிற்பகல் இரண்டுக்கு முடியும். நான் சமைப்பவள் இல்லை, தட்டுப் போடுபவள். ஐம்பத்தெட்டு அறைகளுக்கும் ஆளுக்கொரு தட்டு, தட்டுக்கொரு சீட்டு. சிலருக்குச் சாதாரண உணவு, சிலருக்குப் பொடியாகக் கொத்தியது. விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் கூழாக அரைத்தது. இதை மாற்றிப் போட்டால் ஆள் மூச்சுத்திணறிச் செத்தும் போகலாம். தட்டுப் போடுவதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒவ்வொரு நாளும் காலையில் மேல்மாடி அலுவலகத்திலிருந்து ஒரு பட்டியல், தாளிலும் கணினிக் கோப்பாகவும், வரும். அதில் ஒன்றாம் அறைக்கு அடுத்தது பத்து, பிறகு பதினொன்று, பன்னிரண்டு. பத்தொன்பது முடிந்த பிறகுதான் இரண்டாம் அறை வரும். இரண்டுக்கு அடுத்தது இருபது. நடைவழியில் அறைகள் ஒழுங்காகத்தான் இருந்தன, பட்டியல்தான் குரங்குபோலத் தாவியது. அதனால் தினமும் ஒருத்தி உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்துச் சீட்டுகளைக் கையால் எழுதி அடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் போகும். பெரும்பாலும் அந்த ஒருத்தி நான்தான்.

மேலாளரிடம் இரண்டு தடவை கேட்டேன். "சிஸ்டம் அப்படித்தான்" என்றார். மூன்றாம் தடவை கேட்டபோது கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நீங்கள் சாப்பாட்டைப் பாருங்கள், கணினியை எங்களிடம் விடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அன்று குவேக்கர்ஸ் ஹில்லுக்குத் திரும்பும் ரயிலில் எனக்கு முகம் கொதித்துக்கொண்டே இருந்தது. மன்னாரில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவள் நான். உள்நாட்டுச் சண்டையில் படிப்பு நின்றது, மூளை நிற்கவில்லை. வீட்டு நிறுத்தம் வருவதற்குள் தொலைபேசியில் தேடி, ஸ்ட்ராத்ஃபீல்டில் சனிக்கிழமை பிற்பகல்களில் நடக்கும் ஒரு வகுப்பில் பதிந்துவிட்டேன். பைதன் என்ற நிரல் மொழி, முற்றிலும் புதியவர்களுக்கு. கணினிக்கு வேலை சொல்லிக்கொடுக்கும் மொழி என்பதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

முதல் வகுப்பில் ஒவ்வொருவரும் என்ன தொழில் என்று சொல்ல வேண்டும். நான் "கிச்சின் ஹாண்ட்" என்றதும் ஆசிரியர் மிகவும் பணிவாக ஒன்று சொன்னார். பக்கத்து அறையில் மின்னஞ்சல் அனுப்பப் பழக்கும் வகுப்பு நடக்கிறதாம். எனக்கு அது வசதியாக இருக்குமாம். அவர் என்னைக் கேலி செய்யவில்லை, உதவுவதாகத்தான் நினைத்தார். அதுதான் இன்னும் சுட்டது. "நன்றி, எனக்கு இந்தக் கதிரை வசதியாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அசையாமல் இருந்தேன்.

பக்கத்தில் இருந்த பெண் மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினாள். கிள்ளானிலிருந்து வந்து குழந்தைகள் காப்பகம் ஒன்றில் வேலை செய்யும் மலேசியத் தமிழ்ப்பெண். "நல்லாச் சொன்னீங்கக்கா. போகாதீங்க" என்று கிசுகிசுத்தாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்திலேயே இருந்தோம்.

ஆனால் கணினி என்னை மதிக்கவில்லை. வரியின் கடைசியில் முக்காற்புள்ளி வைக்க மறந்தால் திட்டும். வரியின் தொடக்கத்தில் இடைவெளி ஒன்று கூடினாலும் திட்டும், குறைந்தாலும் திட்டும். இரண்டையும் பத்தையும் கூட்டு என்றால் இருநூற்றுப் பத்து என்றது. மேற்கோள் குறிக்குள் எழுதிய இலக்கம் அதற்கு இலக்கமே இல்லையாம், வெறும் எழுத்தாம். அதைக் கேட்டதும் கதிரையிலிருந்து எழும்பிவிட்டேன். மேல்மாடிப் பட்டியலின் நோய் இதுதான்! அறை எண்களை எழுத்தாக எடுத்து அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். ஒன்றில் தொடங்குவதெல்லாம் முதலில், இரண்டில் தொடங்குவதெல்லாம் பிறகு. சிஸ்டம் அப்படித்தான் என்று எத்தனை வருடம் சொன்னார்கள்! எழுத்தை இலக்கமாக்கு என்று ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்.

போதும் என்று நினைத்தது என் அவசரம். எங்களிடம் பன்னிரண்டு ஏ என்றொரு அறை இருந்தது, அதை இலக்கமாக்கச் சொன்னதும் நிரல் நின்றுவிட்டது. அதைச் சமாளித்தால் பட்டியலின் அடியில் இருந்த வெற்று வரியில் மறுபடியும் நின்றது. வேலை முடிந்து வந்து, புருஷன் வருவதற்கு முன், சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மல்லுக்கட்டினேன். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது ஓர் அன்ரி, "இந்த வயசில கோடிங்கோ, பிள்ளை?" என்று சிரித்தா. "ஓம் அன்ரி, இந்த வயசிலதான்" என்றேன்.

இரண்டு மாதத்தில் நிரல் ஓடியது. எங்கள் தலைமைச் சமையற்காரரிடம் காட்டினேன். அவர் பிஜித்தீவுக்காரர், அதிகம் பேசமாட்டார். "ஆட்களின் பெயர் எதுவும் இதில் வேண்டாம். அறை எண்ணும் உணவு வகையும் போதும். ஒரு கிழமை, ஏழு நாளும், கையாலும் எழுதி ஒப்பிட்டுப் பார்" என்றார். ஒப்பிட்டோம், ஒரு பிழையும் இல்லை. அதன் பிறகு ஐம்பத்தெட்டுச் சீட்டுகளும் ஒழுங்காக அச்சாகி வந்தன. முக்கால் மணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. என்னோடு நின்ற பெண்கள் கை தட்டினார்கள். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தித்தான் நடந்தேன்.

மூன்றாம் கிழமை ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாடு. மாட்டிறைச்சி ரோஸ்ட். முப்பத்தோராம் அறைக்கான சீட்டில் 'சாதாரணம்' என்று இருந்தது. இறைச்சித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டேன். மூடியை எடுக்கப் போன கை அப்படியே நின்றது. அந்த அறையில் இருந்தவர் முன்பு ரயில் ஓட்டியவர், பக்கவாதம் வந்து விழுங்கக் கஷ்டப்படுபவர். முதல் நாள்வரை அவருக்குக் கூழ்தான். ஒரே இரவில் தொண்டை சரியாகுமா?

தாதிக்குத் தொலைபேசி எடுத்தேன். "இல்லை, அவருக்கு இன்னும் கூழ்தான். ஏன் கேட்கிறீர்கள்?" என்றார்.

யாரும் பார்க்கவில்லை. சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டு, கையால் வேறொன்று எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்த எண்ணம் வரவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த நாள் நான் விடுமுறையில் இருந்து, அவரைத் தெரியாத ஒருத்தி அந்தச் சீட்டை எடுத்தால்? தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ச் சமையற்காரரிடம் காட்டினேன். அவர் தட்டையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "எழுது" என்றார். தவறு நடந்தால் நிரப்பும் படிவத்தை எடுத்து, என் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மேலாளர் என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார்.

"இந்த நிரலை எழுத யார் உங்களுக்கு அனுமதி தந்தது?"

"சீட்டு எழுதுவது என் வேலை. அதைத்தான் செய்தேன்."

"நீங்கள் குசினி வேலைக்காரி. நிரல் எழுதுபவர் அல்ல. இன்று முதல் பழையபடி கையால் எழுதுங்கள்."

"எழுதுகிறேன். பிழை என்னுடையது, அதை நானேதான் எழுதித் தந்தேன். ஆனால் அது ஏன் வந்தது என்று கண்டுபிடிப்பேன்."

"அது உங்கள் வேலை இல்லை" என்றார். நான் கீழே இறங்கினேன்.

வீட்டில் புருஷனுக்கு விஷயம் தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. "விடுமப்பா. உமக்கு ஏன் இந்த வீண்வேலை? நாளைக்கு வேலையை விட்டு நிப்பாட்டினா என்ன செய்யிறது?"

"நிப்பாட்டினா நிப்பாட்டட்டும். அந்த மனுசன் செத்திருந்தா என்ன செய்யிறது?"

"அதுக்குத்தானே சொல்லுறன், இனி அதைத் தொடாதையும் எண்டு."

"நான் தொடாட்டிலும் அந்தப் பிழை அங்கதானப்பா கிடக்கும்."

அவர் தேத்தண்ணி ஊற்றி என் முன்னால் வைத்தார். அவருடைய சம்மதம் அப்படித்தான் வரும்.

சனிக்கிழமை வகுப்பில் அந்தப் புதன்கிழமைப் பட்டியலைத் திறந்தேன். முப்பத்தோராம் அறைக்கு நேரே, கூழுக்கு அலுவலகம் எழுதும் 'பியூரே' என்ற சொல் ஆங்கிலத்தில் ஒழுங்காகத்தான் இருந்தது. முப்பதாம் அறைக்கும் அதே சொல்தான். முப்பதாம் அறைச் சீட்டில் சரியாகக் கூழ் என்று வந்திருக்கிறது, முப்பத்தொன்றில் மட்டும் ஏன் இல்லை? ஒரு மணி நேரம் முறைத்துப் பார்த்தேன்.

கிள்ளான்காரி எட்டிப் பார்த்தாள். "நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாதான் தெரியுது. எத்தனை எழுத்து இருக்குன்னு அதையே கேளுங்களேன்."

கேட்டேன். முப்பதாம் அறையின் சொல்லுக்கு ஐந்து என்றது. முப்பத்தொன்றின் சொல்லுக்கு ஆறு என்றது.

ஆங்கில எழுத்துகளை விரல் விட்டு எண்ணினேன், ஐந்துதான் வந்தது. திரும்பவும் எண்ணினேன். பிறகுதான் பிடிபட்டது. சொல்லுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் இடைவெளி இருந்தது. மேல்மாடியில் யாரோ தட்டச்சு செய்யும்போது இடைவெளிக் கட்டையைக் கூடுதலாக ஒரு தடவை அழுத்தியிருக்கிறார்கள். கணினிக்கு அதுவும் ஓர் எழுத்து. ஆகவே அது வேறு சொல்.

இடைவெளியை வெட்டிவிடச் சொல்ல ஒரு சொல் போதும். ஆனால் பெரிய பிழை அதுவல்ல. என் நிரலின் கடைசி வரியை வாசித்தேன். கூழும் இல்லை, கொத்தியதும் இல்லை என்றால் 'சாதாரணம்' என்று போடு. அதை எழுதியது நான். தனக்குத் தெரியாத சொல் வந்தால் இறைச்சித் துண்டை வை என்று நான்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். குசினியில் ஒரு புதுப்பெண் அப்படிச் செய்திருந்தால் நான் ஏசியிருப்பேன். தெரியாவிட்டால் நில், கேள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். என் நிரலுக்கு மட்டும் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வரியை அழித்து, தெரியாத சொல் வந்தால் சீட்டே அச்சிடாமல் அறை எண்ணைச் சொல்லி நின்றுவிடு என்று எழுதினேன்.

திங்கட்கிழமை குசினிக் கோப்பில் அந்தப் புதன்கிழமையின் அச்சுப் பட்டியலைத் தேடி எடுத்தேன். அலுவலகப் பட்டியலில் கூழ் உணவுக்காரர்களின் வரி சிவப்பாகவும் கொத்தியதற்கு மஞ்சளாகவும் வரும், சாதாரணத்துக்கு வெள்ளை. கையால் எழுதும்போது நாங்கள் சொல்லை வாசிப்பதில்லை, நிறத்தைத்தான் பார்ப்போம். முப்பதாம் அறை சிவப்பாக இருந்தது. முப்பத்தோராம் அறை வெள்ளையாக இருந்தது. அவர்களுடைய சிஸ்டமும் அதே இடைவெளியில் தடுக்கி விழுந்திருக்கிறது! கையால் எழுதியிருந்தாலும் அந்த மனிதரின் சீட்டில் அன்று 'சாதாரணம்' என்றுதான் வந்திருக்கும்.

சமையற்காரரிடம் தாளைக் காட்டினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "இன்று பதினொரு மணிக்கு மேல்மாடியில் கூட்டம். வா" என்றார்.

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஏப்ரனோடுதான் போனேன். கழற்ற நேரம் இருந்தது, வேண்டுமென்றே கழற்றவில்லை. மேலாளர், தலைமைத் தாதி, இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மேலாளர் என்னைக் கண்டதும், "இந்த விஷயம் முடிந்துவிட்டதே" என்றார்.

"முடியவில்லை" என்று சொல்லித் தாளை மேசையில் வைத்தேன். "என் பிழையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தேன், திருத்தியும் விட்டேன். இது உங்களுடைய பிழை. இதற்கு இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை."

என் ஆங்கிலம் தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. நிறுத்தவில்லை. ஐந்து எழுத்தையும் ஆறாவதையும் விளக்கினேன். தலைமைத் தாதி தாளை இழுத்து முப்பத்தோராம் வரியில் விரல் வைத்தார். "இப்படி வேறு இருக்கிறதா?" என்று மேலாளரைக் கேட்காமல் என்னைக் கேட்டார்.

"முந்தைய மாதப் பட்டியல்களைத் தந்தால் இப்போதே பார்த்துச் சொல்கிறேன்."

தந்தார்கள். என் மடிக்கணினியில் அவர்கள் கண் முன்னால் நிரலை ஓட்டினேன். இன்னும் நான்கு இடத்தில் நிரல் நின்றது. இரண்டு இடைவெளிகள், ஓர் எழுத்துப் பிழை, ஒரு வெற்றிடம். நல்ல காலம், அந்த நாட்களில் தட்டுப் போட்டவர்கள் ஆளைத் தெரிந்தவர்கள். மேலாளர் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார்.

மூன்று கிழமையில் பட்டியல் மாறியது. உணவு வகையை இப்போது யாரும் தட்டச்சு செய்ய முடியாது, இருக்கும் சொற்களில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். அறைகளும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வருகின்றன. என் நிரலுக்கு இனி அங்கே வேலை இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. வருத்தம், குசினிச் சுவரில் ஒட்டிய அறிவித்தலில்தான். அலுவலகத்தின் முயற்சியால் பட்டியல் மேம்படுத்தப்பட்டது என்று அதில் இருந்தது. நான் பேனாவை எடுத்து அதன் கீழே, 'பிழையைக் கண்டுபிடித்தது குசினி' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன். அடுத்த நாள் புதுத்தாள் ஒட்டியிருந்தது. அதிலும் எழுதினேன்.

மேலாளர் கீழே வந்தார். "இதை எழுதியது நீங்களா?"

"ஆமாம். பொய்யென்றால் கிழித்துவிடுங்கள்."

தாளை மேலிருந்து கீழாக வாசித்தார். பிறகு படியேறிப் போனார். தாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அடுத்த நிலை வகுப்பு தொடங்கியது. முதல் பயிற்சியிலேயே திரை முழுவதும் சிவப்பு எழுத்தில் திட்டு விழுந்தது. கிள்ளான்காரியும் நானும் முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினோம்.