எத்தனை கட்டை?

நான் பாட்டு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் போட்டி. என் மகள் பாடிவிட்டு இறங்கினாள். ஆர்மோனியப் பெட்டி மூச்சு வாங்குவதுபோல் ஒருமுறை முனகி அடங்கியது. எனக்குச் சின்ன வயதில் இருந்த ஏரியூர் ஞாபகம் வந்துவிட்டது.

அங்கே நாடகக் குழுவில் அப்பா ஆர்மோனியம், மல்லிகாக்கா பாட்டு. கூத்தில் அழுகிற ராணி, நாடகத்தில் குறத்தி, ஆள் வராத அன்று ராஜாவும் அவள்தான். எல்லாம் ஐந்து கட்டைச் சுருதியில் கணீரென்று விழும். அவளை அழைத்துப்போகப் பெங்களூர் கம்பெனிக்காரர் ஒருவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"அவ போயிட்டா நம்ம பொழப்பு என்னாவறது? எத்தனை கட்டைன்னு கேட்டா அஞ்சுன்னே சொல்லு," என்றார் அப்பா என்னிடம்.

அக்காவுக்கு மிளகு போட்ட வெந்நீர் கொண்டுபோவது என் வேலை. குடித்துக்கொண்டே கேட்டாள்.

"உங்கப்பா சுருதி எப்பவும்போலதான வெக்கறாரு, பாப்பா?"

"அஞ்சுதாங்க்கா."

அப்பா சுருதியை ஏற்றி ஆறரையில் பிடித்தார். முதல் பாட்டைத் திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு வரவேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. இரண்டாவது அடியில் அவள் குரல் கிழிந்தது. கூட்டம் விசிலடித்தது. பெங்களூர்க்காரர் செருப்பைத் தேடினார்.

அந்தக் குரல் திரும்பவேயில்லை. அப்பா நினைத்தபடி அவள் எங்கும் போகவுமில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தாளம் தட்டினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"டீச்சர், அடுத்த பாப்பாவுக்கு எத்தனை கட்டைங்க?" ஆர்மோனியக்காரர் மேடையிலிருந்து கேட்டார்.

ஒத்திகையில் ஐந்து கட்டையில் என் மகளைவிட நன்றாகப் பாடியவள் அவள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆறரைங்க," என்றேன்.