வாசற்படிமேல் நின்ற பாட்டு

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் மின்சாரப் பேருந்து ஓட்டும் தோர்லிக், நாலாவது மாடியில் பிறந்து நாலாவது மாடியிலேயே வளர்ந்தவர். ஆடு அவருக்குத் தட்டில்தான் பழக்கம். அந்த மனிதர் மேய்ச்சல் நிலத்தை நினைத்து ஏங்கிப் பாட்டு எழுதினார் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது! கூட்டாளிகள் குதிரைத்தலை செதுக்கிய நரம்பு வாத்தியத்தோடு மின்கிதாரும் டிரம்ஸும் சேர்த்து முழக்கினார்கள். பாட்டு பிய்த்துக்கொண்டு போனது.

மனைவி செவெல்மா கோபிப் பாலைவனப் பக்கத்து மேய்ப்பர் வீட்டுப் பெண். அவளுடைய அண்ணன் பூர்வே தன்னை "நம்ம ஆளு" என்று ஒருமுறையாவது சொல்ல வேண்டும் என்பது பன்னிரண்டு வருடமாகத் தோர்லிக்கின் ஆசை. அவனோ "பஸ்ஸுக்கார மாப்ள" என்பதைத் தாண்டவில்லை.

ஒரு கோடையில் பூர்வேயின் ஊர்த் திருவிழாவில் பாட அழைப்பு வந்தது. மனிதர் உயிரைக் கொடுத்துப் பாடினார். "கூடாரத்து வாசற்படிமேல் நின்று மந்தை திரும்பக் கண்டேன்" என்ற அடி வந்ததும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. கிழவிகள் 'ச்சு' கொட்டினார்கள்.

"மாப்ள, படிய மிதிக்கிறது வீட்டுக்காரன் கழுத்துல ஏறி நிக்கிற மாதிரியில்ல? எங்க வீட்டுல ஒழுங்காத்தானே தாண்டி வருவீங்க!" என்றான் பூர்வே, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே.

"உனக்குத் தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று தோர்லிக் செவெல்மாவிடம் எரிந்து விழுந்தார்.

"என்கிட்டக் கேட்டீங்களாக்கும்?"

அவமானம் பிடுங்கித் தின்றது. ஊர் திரும்பியதும் அந்த அடியை "வாசலுக்கு வெளியே நின்று" என்று மாற்றினார். நகரத்துக் கூட்டம் விட்டால்தானே! பாட்டில் அவர் வெளியே நின்றால், ஆயிரம் பேர் படிமேல் ஏறி நின்று கத்தினார்கள்.

அந்தக் குளிர்காலம் கொடுமையானது. பனி இறுகிப் புல்லை மூடிவிட்டது. பூர்வேயின் அறுநூறு ஆடுகளில் பதினொன்றுதான் மிஞ்சின. வசந்தத்தில் அவன் கூடாரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றிவந்து, நகரத்து மேட்டில் பலகை வேலிகளுக்கு நடுவே போட்டான். சிமெண்டு மூட்டை சுமக்கும் வேலை கிடைத்தது.

மே மாதம் ஒரு ஞாயிறு மதியம், சதுக்கத்தில் கச்சேரி. பூர்வே முன்வரிசையில் நிற்பதைத் தோர்லிக் பார்த்துவிட்டார். திருத்திய அடியைத்தான் பாடினார். கூட்டம் வழக்கம்போலப் பழையதைப் பாடியது. பூர்வேயும் பழையதையே பாடினான், தொண்டை கிழிய.

முடிந்ததும் அவனிடம் ஓடினார். "என்ன மச்சான், நீங்களுமா? நான்தான் மாத்திட்டேன்ல!"

"நம்ம பாட்ட எதுக்கு மாப்ள நோண்டுற?" பூர்வே கைமுட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "மந்தை திரும்பி வருதுல்ல? நீ எங்க நின்னு பாத்தா எனக்கென்ன."