இடப்பக்க முன் சக்கரம்

நடுங்கும் ஸ்டீயரிங்கை இரண்டு கைகளாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, “ரோடு சரியில்ல” என்று சொன்ன அந்த வேன் டிரைவரின் கைகள்தான் எனக்கு முதலில் ஞாபகம் வரும். தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகாத ரோடு அது. எங்கள் ஊரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப்போகும் வேன். என் அம்மாவும் அதில்தான் போவாள். நான் அப்போது விருதுநகரில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். மெயின் ரோடு வரை அந்த வேனில் தொற்றிக்கொண்டு போன அன்று, இடப்பக்க முன் சக்கரம் ஆடுவது என் காலுக்கே தெரிந்தது.

மறுநாள் காலை பெண்கள் ஏறியதும் வேனுக்கு முன்னால் போய் நின்றேன். தீபாவளி சீசன். யாரும் ஒரு நாள்கூட மட்டம் போட முடியாத நேரம். “அண்ணாச்சி, சக்கரத்தப் பாக்காம எடுக்காதீக” என்றேன். “ஏலே, பரீட்ச எழுத வேற எடம் கெடைக்கலையா ஒனக்கு?” என்று டிரைவர் ஹாரனை அமுக்கினார். உள்ளேயிருந்து சிரிப்பு. “எக்கா, ஒங்க மகன எடுத்து இடுப்புல வச்சுக்கோங்க. இல்ல, நாளைலருந்து நீங்களும் வர வேண்டாம்” என்றார் டிரைவர் அம்மாவிடம். அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “வழிய விடுலே, வேலயக் கெடுத்துராத” என்று கத்தினாள். நான் நகரவில்லை.

எல்லோர் முன்னாலும் என்னை அவமானப்படுத்தத்தான் அவர் பெண்களை இறக்கிவிட்டு ஜாக்கி போட்டார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். ஆடியது. “பேரிங் போச்சு” என்றேன், புத்தகத்தில் படித்த தெம்பில். “போன மாசந்தாம்லே புதுசு போட்டேன். ஒங்க வாத்தியாரு வேற என்ன சொல்லிக் குடுத்தாரு?” குனிந்து பின்பக்கத்தைப் பார்த்தபடி மறுபடி அசைத்தேன். சக்கரம் மட்டும்தான் ஆடியது. அது மாட்டியிருந்த ஹப் அசையவே இல்லை. அப்படியென்றால் பேரிங் இல்லை. நட்டைத் தொட்டேன். இரண்டு நட்டுகள் விரலுக்கே சுற்றின. அடியிலிருந்து வெள்ளி பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்தது. ஆயுத பூஜைக்காகச் சக்கரத்தைக் கழற்றி, நட்டு உட்காரும் இடம், ஹப்பில் பொருந்தும் பக்கம் என்று ஒரு இடம் விடாமல் தடிமனாகப் பூசியிருந்தார். அதன்மேல் முறுக்கிய நட்டு, பெயிண்ட் நசுங்க நசுங்க இளகிவிட்டது.

“சாமிக்குச் செஞ்சதக் கொற சொல்லுதியா?” என்றார். அப்படியே முறுக்கிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். அப்போதுதான் அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். “அண்ணே, பெயிண்ட்டச் சொரண்டிட்டு மாட்டுங்க. அதுவர நாங்க ஏற மாட்டோம்.” ஒருத்தியும் ஏறவில்லை. அவர் சுரண்டினார். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒருமுறை என்னைப் பார்த்தார்.

இன்று என்னிடம் எத்தனையோ வண்டிகள் வருகின்றன. பூஜைக்குப் பெயிண்ட் பூசிக் கொண்டுவருகிறவர்களிடம் நான் கோபப்படுவதில்லை, தெரியாமல் செய்கிறார்கள். அவரும் தெரியாமல்தான் செய்தார். அந்தப் பெயிண்ட்டுக்காக அவரை நான் வெறுக்கவில்லை.

அடுத்த நாள் காலை அம்மா தூக்குவாளியோடு வழக்கமான இடத்தில் நின்றாள். பக்கத்தில் நானும் நின்றேன். வேன் வந்தது. வேகம் குறையவில்லை. அம்மா கையை நீட்டினாள். ஜன்னலில் இருந்த பெண்கள் எங்கள் பக்கம் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டார்கள். வேன் மறையும்வரை அம்மா அந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கொஞ்சங்கூட ஆடலையேய்யா” என்றாள். “நல்லாத்தான் சரிபண்ணியிருக்க.”