மில் கேட்டுக்கு எதிரே

இரண்டு வருடங்களுக்கு முன்னால், சித்திரை மாத வெயிலில், திருச்செங்கோடு பக்கம் ஒரு நூற்பாலையின் வாசலில் நடந்தது இது. இளவயதில் அந்த மில்லில் சேர்ந்து, தலை நரைக்கும் வரை அங்கேயே வேலை பார்த்தவன் நான்.

ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். புது மெஷின் வருகிறது, ஆளைக் குறைக்கிறோம், நீங்களாகவே எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்கும் மரியாதை என்றார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவன். அவர்கள் சொல்லச் சொல்ல, சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன் என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கூட வேலை பார்த்தவர்கள் கேட்டபோது, நல்ல இடம் கிடைத்திருக்கிறது, நானாகத்தான் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். போகச் சொல்லிவிட்டார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

உண்மையில் எந்த இடமும் கிடைத்திருக்கவில்லை. அலைந்து திரிந்த பிறகு, மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன மில்லில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் பழைய மில்லில் வேலையிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் வேண்டும், திங்கட்கிழமை கொண்டு வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றும் சொன்னார்கள்.

வேலையை விட்டு நின்றவர்களைப் பழைய மில்லில் உள்ளே விடமாட்டார்கள். எது வேண்டுமானாலும் கேட்டுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும். ஷிப்டுக்கு வருகிறவர், போகிறவர் எல்லோரும் பார்ப்பார்கள். மொபெட்டில் அந்த வாசல் வரை போய், வண்டியை நிறுத்தாமலேயே திரும்பி வந்தேன். வீட்டில், மேனேஜர் இல்லை என்று சொன்னேன். மறுநாளும் அப்படியே செய்தேன், அதையே சொன்னேன்.

சனிக்கிழமை காலையில் என் மனைவி தறி வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் புடவை மாற்றினாள். "நீங்க இருங்க. நான் போயிக் கேட்டுட்டு வாரேன்" என்று பஸ் ஏறிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

வீட்டில் உட்காரவும் முடியவில்லை. பின்னாலேயே மொபெட்டில் போனேன். மில்லுக்கு எதிரில் புதிதாக ஒரு டீக்கடை போட்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று ஹெல்மெட்டைக் கழற்றாமல் அதன் கீற்றுக் கொட்டகைக்குள் நின்றேன். அவள் வாட்ச்மேனிடம் பேசுவதும், அவர் உள்ளே போய் வருவதும் தெரிந்தது. சற்று நேரத்தில் என் போன் அடித்தது.

"லெட்டரு ரெடியா இருக்குதாமுங்க. நீங்க வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடோணுமாம். மத்தியானத்துக்கு மேல ஆபீசு இல்லையாம். எங்க இருக்கீங்க?"

சாலையைக் கடந்தால் அவள். "ஊட்லதான்" என்றேன். "இதோ கெளம்பிட்டேன், அரை மணி நேரத்துல வந்துருவேன்."

சொன்ன பிறகுதான் புரிந்தது. அரை மணி நேரம் அவள் அங்கே நின்றாக வேண்டும். அதற்கு முன்னால் போனால் பொய் தெரிந்துவிடும். பஞ்சு லோடு ஏற்றிய லாரி ஒன்று கேட்டில் நின்றது. அதன் நிழலில் ஒதுங்கினாள். கேட் திறந்து லாரி உள்ளே போய்விட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலிலேயே நின்றாள். நான் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடைக்காரர் டீயை நீட்டினார். "ஏனுங்ண்ணா, ஹெல்மெட்டோடவே குடிக்கப் போறீங்களா? ஸ்ட்ரா ஏதாச்சும் தரட்டுங்களா?" என்று சிரித்தார். நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே கேட்டையே பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சிரிப்பு போய்விட்டது. பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினார்.

"நீங்க வந்ததுல இருந்து நானும் பாக்கறேன். அந்தம்மாவையே பாத்துட்டு நிக்கறீங்க. மூஞ்சிய வேற மூடிட்டு. குடும்பத்துப் பொம்பளை மாதிரி இருக்குது. வேண்டாமுங்க, கெளம்புங்க."

என் மனைவிதான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அப்புறம் எதற்கு இங்கே நிற்கிறீர்கள் என்று கேட்பாரே! "தெரிஞ்சவங்கதானுங்க" என்றேன்.

"தெரிஞ்சவங்கன்னா போயிப் பேசுங்க. தெரிஞ்சவங்க வெயில்ல நிக்க, நீங்க இங்க நின்னு வேடிக்கை பாக்கறீங்களா?"

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. டீயைக் குடிக்காமலே காசைக் கொடுத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டிவிட்டுச் சாலையைக் கடந்தேன். போன் பேசிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் டீக்கடையைப் பார்த்தாள்.

வாட்ச்மேன்தான் கேட்டார். "என்ன அம்மிணி, ஊட்ல இருக்காருன்னு இப்பத்தான சொன்ன? பறந்து வந்துட்டாரா?"

அவள் யோசிக்கவே இல்லை. "அப்பவே பாதி வழி வந்துட்டாருங்க. வண்டி ஓட்டறப்பப் போன் எடுத்தா நான் சத்தம் போடுவேன்னு, ஊட்ல இருக்கேன்னு சொல்லியிருக்காரு" என்றாள். வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே ரிஜிஸ்டரை எடுத்து வந்தார். கையெழுத்துப் போட்டு லெட்டரை வாங்கினேன். ஷிப்ட் முடிந்து வந்த பழைய ஆட்கள் இரண்டு மூன்று பேர், "நல்லா இருக்கீங்களாண்ணா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் அத்தனை நாளாகப் பயந்தது இவ்வளவுதான்.

திரும்பும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்து, லெட்டர் கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்துவிட்டேன். அன்றைக்கு எங்கே நின்றீர்கள் என்று அவள் இன்று வரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்போது ரேஷன் கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ அவள் கிளம்பினால், அவளுக்கு முன்னால் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன். அப்படியும் அவளை வெயிலில் நிற்கவிட்டு நான் நிழலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரம் என் மனதை விட்டுப் போகவில்லை.